வீட்டுக்குள்ளே டே கேர்: அனுமதி கொடுப்பது யார், வந்து பார்ப்பது யார்?

காலை எட்டரை மணி. அடையாறு காந்தி நகரின் உள் தெருக்களிலும், மந்தைவெளிச் சந்துகளிலும், தி.நகர் உஸ்மான் சாலைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடிகளிலும் ஒரே காட்சிதான். ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றபடி ஒரு சின்னக் குழந்தை. அம்மா தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுத் துணி, பால் பாட்டில், டயப்பர். கிரில் கேட் திறக்கிறது, குழந்தை உள்ளே போகிறது, வண்டி டைடல் பார்க் பக்கமோ கிண்டி பக்கமோ கிளம்புகிறது. மாலை ஆறரை வரை அந்த கேட்டுக்கு உள்ளே நடப்பது எல்லாமே நம்பிக்கையின் பேரில்தான்.

சேர்க்கும்போது பெற்றோர் நிறைய கேட்கிறார்கள். மாசம் எவ்வளவு? சாப்பாடு நீங்களே குடுப்பீங்களா? ஏசி இருக்கா? கேமரா போட்டிருக்கீங்களா? இந்த வரிசையில் "லைசென்ஸ் இருக்கா?" என்ற கேள்வி வருவது அபூர்வம். வந்தாலும் எந்த லைசென்ஸ், எந்த ஆபீஸ் கொடுத்தது என்பது கேட்டவருக்கும் தெரியாது, பதில் சொல்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது. இதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் சட்டங்களே இந்த விஷயத்தில் ஒரு தெளிவான பதிலை வைத்திருக்கவில்லை.

பெயர் மாறினால் துறையும் மாறும்

குழந்தை ஒன்றுதான். ஆனால் வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதைப் பார்க்க வேண்டிய அரசுத் துறை மாறிக்கொண்டே போகிறது.

'ப்ளே ஸ்கூல்' என்று போட்டிருந்தால் அது பள்ளிக்கல்வித் துறையின் பொறுப்பு. அங்கீகாரம் இல்லாத மழலையர் பள்ளிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பின்னணியில், தமிழக அரசு 2015-இல் ப்ளே ஸ்கூல்களுக்கென்றே தனி ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி ப்ளே ஸ்கூல் நடத்துபவர் அங்கீகாரம் வாங்கியே ஆக வேண்டும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கென்று வழிகாட்டு விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கானது அது. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்கிறது.

அங்கன்வாடி என்றால் சமூக நலத் துறை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அது அரசு நடத்துவது, கணக்கு வேறு.

ஆபீஸ் வளாகத்துக்குள் இருக்கும் 'கிரஷ்' என்றால் தொழிலாளர் சட்டம். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தபோது, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம் ஆனது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் சேர்த்தார்கள். 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50 பேர் வரம்புதான்.

குழந்தை இரவும் அங்கேயே தங்குகிறது, அது இல்லம் அல்லது விடுதி என்றால் வேறு சட்டங்கள். 2014-இல் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்கான இல்லங்கள் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டும்.

இப்போது நம் மந்தைவெளி வீட்டுக்கு வருவோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, கூட ஓர் ஆயா. காலை 8 முதல் மாலை 7 வரை பத்துக் குழந்தைகள். பாடம் நடத்துவதில்லை, சோறு ஊட்டுகிறார், தூங்க வைக்கிறார், விளையாட விடுகிறார். இது பள்ளியா? "இல்ல சார், ஸ்கூல் எல்லாம் இல்ல, பக்கத்து வீட்டுப் பசங்களப் பாத்துக்கறோம், அவ்ளோதான்" என்பதுதான் இத்தகைய இடங்களின் வழக்கமான பதில். அங்கன்வாடியும் இல்லை. எந்த நிறுவனத்தோடும் இணைந்தது இல்லை. குழந்தைகள் இரவில் தங்குவதும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரசமைப்பின் 45-ஆவது பிரிவு இருக்கிறது. அது 2002 திருத்தத்துக்குப் பிறகு, முன்பருவக் கவனிப்பும் கல்வியும் கிடைக்க அரசு 'முயல வேண்டும்' என்கிறது. முயலாவிட்டால் யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாத பகுதியில் இருக்கும் பிரிவு அது. தனியார் வீட்டுக் காப்பகங்களுக்கென்றே நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றும் இல்லை. ஆக, ஒன்றரை வயதில் அந்த கேட்டுக்குள் போகும் குழந்தை மாணவரும் இல்லை, தொழிலாளியின் பிள்ளை என்ற கணக்கிலும் இல்லை, ஆதரவற்ற குழந்தையும் இல்லை.

நடைமுறையில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே வீட்டில் காலையில் ப்ளே ஸ்கூல், மதியத்துக்கு மேல் டே கேர் நடக்கும். அங்கீகாரம் காலை நேரத்துக்கு இருக்கலாம். குழந்தை நீண்ட நேரம் இருப்பது என்னவோ மதியத்துக்கு மேல்தான்.

பலகையில் 'மாண்டிசோரி' இருந்தால்?

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் போனால் இந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். அதற்கு உண்மையிலேயே ஊரோடு உறவு உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் வந்து இறங்கியது அடையாறு பிரம்மஞான சபைக்குத்தான். உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய மீனா சுவாமிநாதன் இன்னொரு பெயர். 1972-இல் அவர் தலைமையிலான ஆய்வுக் குழு கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. சின்னக் குழந்தைகளைப் பற்றி நாட்டுக்கே யோசித்துக் கொடுத்த பகுதி இது.

ஆனால் மாண்டிசோரி என்பது ஒரு கல்வி முறையின் பெயர், அரசு கொடுக்கும் சான்று இல்லை. அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லும் அப்படித்தான்.

நான்கு சான்றுகள், ஒரு வீடு

தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குப் போனால் நான்கு தாள்கள் கேட்பார்கள் என்பது பள்ளி நடத்துபவர்களுக்கு மனப்பாடம். 1965-ஆம் ஆண்டுப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம். பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. சுகாதாரத் துறையின் சுகாதாரச் சான்று.

இவை எல்லாம் பள்ளிக் கட்டடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டு பெட்ரூம் வாடகை ஃபிளாட்டில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இந்த நான்கையும் எப்படி வாங்குவார்? வீட்டு ஓனர் கையெழுத்துப் போட மாட்டார். அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது. கரண்ட் பில் வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்குப் போய்விடுமோ, சொத்து வரி ஏறுமோ என்ற பயம் வேறு. அதனால் அவர் செய்யும் மிக எளிய காரியம், பலகையே மாட்டாமல் இருப்பது. வாட்ஸ்அப் குரூப்பிலும் வாய்வழியாகவும் குழந்தைகள் வந்துசேர்கிறார்கள். பலகை இல்லாத வீட்டுக்கு எந்த ஆய்வாளரும் வர மாட்டார்.

விதியைக் கடுமையாக்கினால் பாதுகாப்பு கூடும் என்று சட்டென்று தோன்றும். வீட்டுக் காப்பகங்கள் விஷயத்தில் அது நேர்மாறாகவும் போகலாம். எட்ட முடியாத உயரத்தில் விதி இருந்தால் அதற்கு உட்பட்டு வருவதைவிட ஒளிந்துகொள்வது சுலபம்.

மூடி, கூரை, ஓட்டை

அங்கீகாரம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளி வளாகத்தின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குப் பரவியது. மாடி வகுப்பறைக்கு மேலே இருந்தது கீற்றுக் கூரை. 94 குழந்தைகள் இறந்தார்கள். அது அனுமதி இல்லாமல் ஒளிந்து நடந்த பள்ளி இல்லை, பெயரிலேயே 'உதவி பெறும் பள்ளி' என்று இருந்த இடம். 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. தண்டனை பெற்றவர்களில் கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் ஒருவர். இந்தச் சம்பவத்தை ஒட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், தீயணைப்பு வசதியும் கட்டடப் பாதுகாப்பும் இல்லாத பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரக் கூடாது என்று நாடு முழுமைக்குமாக உத்தரவிட்டது.

2012 ஜூலை 25. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. சான்று கொடுத்த மோட்டார் வாகன ஆய்வாளர் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன.

2025 ஜனவரி 3. விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளி வளாகம். கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து எல்.கே.ஜி. சிறுமி உள்ளே விழுந்து இறந்தாள்.

அடுத்த நான்கு மாதத்தில், ஏப்ரல் 29 அன்று, மதுரை கே.கே. நகரில் தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் கோடைக்கால வகுப்புக்குப் போன நான்கு வயதுச் சிறுமி, திறந்திருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். பள்ளிக்குச் சீல் வைத்தார்கள். மற்ற மழலையர் பள்ளிகளிலும் ஆய்வு தொடங்கியது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீற்றுக் கூரை, பேருந்து ஓட்டை, துருப்பிடித்த மூடி, மூடாத தொட்டி. எதையும் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஐந்து நிமிடம் உள்ளே நடந்து பார்த்தால் கண்ணில் படுபவை. ஃபைலில் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, காலால் நடந்து மூடியை மிதித்துப் பார்ப்பது இன்னொரு வேலை. நம் ஊரில் முதல் வேலைக்குத்தான் ஆய்வு என்று பெயர் வந்துவிட்டது.

கேமரா இருக்கே!

இப்போது டே கேர் தேடும் பெற்றோருக்குப் பெரிய ஆறுதல் சிசிடிவி. போனிலேயே லைவ் பார்க்கலாம் என்று சொன்னால் பாதிக் கவலை போய்விடுகிறது.

2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கர் பகுதியில் ஒரு காப்பகத்தில் 10 மாதக் குழந்தையை ஆயா அடித்த காட்சி நாட்டையே உலுக்கியது. 2025 ஆகஸ்டில் நொய்டாவில் ஒரு குடியிருப்புக்குள் இருந்த டே கேரில் 15 மாதக் குழந்தைக்கு அதே கொடுமை நடந்தது. இரண்டு இடத்திலும் கேமரா இருந்தது. அதனால்தான் வழக்குக்கு ஆதாரம் கிடைத்தது. ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் பார்த்தது கேமரா இல்லை. குழந்தையின் உடம்பில் இருந்த காயத்தை அம்மா பார்த்தார். அதற்குப் பிறகுதான் பதிவைத் தேடினார்கள்.

கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கேமரா சாட்சி மட்டும்தான். தொட்டியின் மூடி கழன்றிருப்பதை அது யாருக்கும் போன் போட்டுச் சொல்லாது.

மற்ற ஊர்களில் எப்படி?

வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதை ஒரு தொழிலாகவே ஏற்றுக்கொண்டு அதற்கேற்ற அளவில் விதி வைத்திருக்கும் நாடுகளில் இங்கிலாந்து முக்கியமானது. காசு வாங்கிக்கொண்டு, ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல், 8 வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன் வீட்டில் பார்த்துக்கொள்பவர் பதிவு செய்தாக வேண்டும். ஒரே ஒரு குழந்தை என்றாலும் பதிவுதான். பொதுவாக 8 வயதுக்குட்பட்டவர்கள் 6 பேர் வரை. அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது, ஒரு வயது ஆகாத கைக்குழந்தை ஒன்றுதான். தன் சொந்தக் குழந்தையும் இந்தக் கணக்கில் சேரும். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி கட்டாயம். வீட்டில் இருக்கும் மற்ற பெரியவர்களின் பின்னணியும் விசாரிக்கப்படும். 'ஆஃப்ஸ்டெட்' என்ற ஆய்வு அமைப்பு வந்து பார்த்து எழுதும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம்.

அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு உதவித்தொகை பெறும் உரிமம் பெற்ற காப்பகங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்குப் போக வேண்டும். அந்த முடிவும் இணையத்தில் வர வேண்டும். சிங்கப்பூர் 2017-இல் முன்பருவ மையங்களுக்கான சட்டத்தை இயற்றி 2019 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோருக்கென்று 2024 இறுதியில் அரசே ஒரு முன்னோட்டத் திட்டத்தையும் ஆரம்பித்தது.

இங்கிலாந்து முறையில் நமக்குக் கற்றுக்கொள்ள இருப்பது அதன் கண்டிப்பு அல்ல. ஒரு பாட்டி தன் வீட்டில் மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதையும், ஒரு நிறுவனம் முந்நூறு குழந்தைகளுக்குக் கட்டடம் கட்டுவதையும் அது வேறு வேறாகப் பார்க்கிறது. இங்கே முதல் வகைக்கு என்று ஒரு சின்னப் பதிவு, ஒரு பக்கப் படிவம், ஆண்டுக்கு ஒரு திடீர் வருகை என்று இருந்தால், பலகை மாட்டப் பலர் முன்வருவார்கள்.

அளவுகோல் நம்மிடமும் இல்லாமல் இல்லை. 2018 நவம்பரில் மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஆபீஸ் கிரஷ்களுக்காக வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல், 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், அதற்கு மேற்பட்ட வயதில் 20 பேருக்கு ஒருவர், கூட ஓர் உதவியாளர் என்கிறது. வீட்டு டே கேரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் பெற்றோர் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதை யாரும் தடுக்க முடியாது.

வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது

இப்போதைக்கு ஆய்வாளர் வேலையும் பெற்றோர் தலையில்தான். சேர்க்கும் முன் பேசுவது பெரும்பாலும் ஹாலில் நடக்கிறது. பொம்மைகள் இருக்கும், சுவரில் படங்கள் இருக்கும். பார்க்க வேண்டியது பின்பக்கம்.

சென்னையில் சம்ப் இல்லாத வீடு இருக்காது. மெட்ரோ தண்ணீர் மாடிக்கு ஏறாது என்பதால் எல்லாம் முதலில் தரைத் தொட்டிக்குத்தான் வரும். மூடி பூட்டியே இருக்கும் வீட்டிலும் தண்ணீர் லாரி வரும் நாளில் அது திறக்கும். அன்றைக்கு மூடுவது யார்? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வருகிறதா என்று பாருங்கள். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் கொல்லைப்புறக் கிணறு உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவற்றில் பல மழைநீர்க் கிணறுகளாக உயிரோடு நீடித்தன. நல்ல விஷயம்தான், மேலே கம்பி வலை இருந்தால். அந்த வீடுகளின் செங்குத்தான மாடிப்படி, படி வைத்த முற்றம், இரண்டுக்கும் தடுப்பு வேண்டும். பாத்ரூமில் நிரப்பி வைத்த பக்கெட்டும் கைக்குழந்தைக்கு ஆபத்துதான். அதை யாரும் தொட்டி என்று நினைப்பதில்லை.

தி.நகர் ஃபிளாட் என்றால் பிரச்சினை வேறு. பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையுமா? பக்கத்தில் ஏறி நிற்க ஸ்டூலோ பூந்தொட்டியோ இருக்கிறதா? பழைய லிஃப்ட்டின் மடக்குக் கதவில் விரல் போகுமா? கீழே கார் பார்க்கிங் வழியாகத்தான் குழந்தை வெளியே வர வேண்டும் என்றால், பின்னால் எடுக்கும் காரில் இருந்து பார்த்தால் இரண்டு அடி உயரக் குழந்தை தெரியாது.

தீ விஷயத்தில் நம் வீடுகளுக்கு ஒரு விசேஷக் குணம் உண்டு. திருட்டுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கிரில், வாசலுக்கும் கிரில். குழந்தைகள் ஓடிவிடாமல் இருக்க அந்த வாசலையும் பூட்டி வைப்பார்கள். சாவி எங்கே? ஆயா இடுப்பில் என்றால், ஆயா மாடியில் இருக்கும்போது? சமையலறை தனிக் கதவோடு இருக்கிறதா, சிலிண்டர் எங்கே இருக்கிறது, இன்வெர்ட்டர் பேட்டரி எந்த உயரத்தில், கரண்ட் அடித்தால் உடனே துண்டிக்கும் ட்ரிப்பர் போட்டிருக்கிறார்களா, மாடிப்படிக்குக் கீழே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிறதா? தூங்கும் அறையில் சாமி விளக்கு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை.

பிறகு ஆட்கள். காலை பத்து மணிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட மதியம் ஒன்றரைக்கு எத்தனை பேர் என்பது முக்கியம். ஆயா சாப்பிடப் போகும் நேரம், குழந்தைகள் பாதித் தூக்கத்தில் இருக்கும் நேரம் அது. 3 வயதுக்குட்பட்ட 12 குழந்தைகள் இருந்தால் மத்திய வழிகாட்டுதல் கணக்கில் இரண்டு பணியாளரும் ஓர் உதவியாளரும் வேண்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவர் எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா, வேர்க்கடலையும் முழு திராட்சையும் கொடுக்கிறார்களா, தொண்டையில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவருக்காவது தெரியுமா என்று கேட்கலாம். வேலைக்கு வருபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். "எல்லாம் தெரிஞ்சவங்கதான்" என்பது சரிபார்ப்பு ஆகாது.

இன்னொன்று. சொல்லாமல் நடுவில் ஒரு நாள் போங்கள். மதியம் மூன்று மணிக்கு கேட்டைத் தட்டினால் உள்ளே விடுகிறார்களா என்று பாருங்கள். 'குழந்தைங்க தூங்கறாங்க, டிஸ்டர்ப் ஆகும்' என்பது ஒரு நாள் நியாயமான காரணம். ஒவ்வொரு முறையும் அதே காரணம் என்றால் யோசிக்க வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

உரிமம் யாருடைய பொறுப்பு என்பதில்தான் குழப்பமே தவிர, குற்றம் நடந்தால் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடிப்பது, கொடுமைப்படுத்துவது, கைவிட்டுவிட்டுப் போவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது ஆகியவை இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைகளைப் பராமரிக்கும் அமைப்பில் வேலை செய்பவரோ அதை நிர்வகிப்பவரோ செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டம். அதில் விஷயம் தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கும் தண்டனை உண்டு.

குழந்தையின் உடம்பில் விளக்க முடியாத காயம் இருந்தால் முதலில் டாக்டர், அவர் எழுதிக் கொடுக்கும் குறிப்பு, அன்றைய தேதியோடு போட்டோ. கேமரா பதிவு சில நாள்களில் தானாக அழிந்துவிடக்கூடும் என்பதால் அதை உடனே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இயங்குவது. அவசரத்துக்கு 112. ப்ளே ஸ்கூல் பற்றிய புகார் என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417.

புகார் சொல்லத் தயங்குபவர்களின் காரணமும் நியாயமானதுதான். சீல் வைத்துவிட்டால் திங்கட்கிழமை காலை குழந்தையை எங்கே விடுவது? மாமியார் ஊரில் இருக்கிறார், லீவு தீர்ந்துவிட்டது, அடுத்த டே கேர் இரண்டு மடங்கு கேட்கிறது. சீல் வைப்பதோடு அதிகாரிகளின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பத்துக் குழந்தைகளும் மறுநாள் எந்த வீட்டுக்குப் போகின்றன என்பது யார் கணக்கிலும் இல்லை. அங்கன்வாடியின் நேரம் ஐ.டி. கம்பெனி ஷிஃப்ட்டுக்கு ஒத்துவராது. நகரத்தில் முழு நாள் இயங்கும் அரசு காப்பகங்கள் வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

சண்டை இல்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு. உங்கள் பகுதியில் அங்கீகாரம் பெற்ற ப்ளே ஸ்கூல்களின் பட்டியல் என்ன, ஒவ்வொன்றுக்கும் கடைசியாக நேரில் ஆய்வுக்குப் போன தேதி என்ன என்று இரண்டே கேள்வி. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பட்டியலில் உங்கள் தெருவில் இருக்கும் இடத்தின் பெயரையும் பாருங்கள், அதற்கு எதிரே இருக்கும் தேதியையும் பாருங்கள்.